பந்தும் ஏடும்



விளையாட்டில் கெட்டிக்காரனாக விளங்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா? போய்ப் புத்தகத்தை எடு" என்று கடிந்துகொள்வோர் ஒரு சாரார். "படிப்பு அவனுக்கு ஏறாது. ஆனால் பந்து கிடைத்தால் பத்துப் பேரைச் சுற்றி வருவான். எப்படியும் பிழைத்துக்கொள்வான்" என்று விட்டுவிடுவோர் மற்றொரு சாரார். பந்தும் ஏடும் ஒன்றுக்கொன்று பகை என்றுதான் இரு சாராரும் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரிதானா என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து நாம் இன்று ஆராய்ந்து பார்ப்போம்.

அவருடைய பெயர் அலன் பேஜ். அமெரிக்க நாட்டில் கல்லூரிக் காற்பந்தில் பெரும்புகழ் பெற்றவர். பின்னர் பதினைந்து ஆண்டுகள் அதையே தொழிலாகக் கொண்டு ஆடியவர். அதற்கும் பின்னர் ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதியரசராக வீற்றிருந்தவர்.

அது எந்தக் காற்பந்து?

அமெரிக்கர்கள் காற்பந்து என்று சொல்வது, நம் தோட்டத் திடல்களில் ஆடப்படும் காற்பந்து அன்று. பெயரில்தான் கால் இருக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் கையால்தான். பந்தும் உருண்டையாக இராது. இரு முனையும் கூம்பி, மட்டை உரிக்காத தேங்காயைப் போல நீண்டிருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். திடலின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்த நான்கு வாய்ப்புகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தைப் பிடித்துக்கொண்டு போய், எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பதே ஆட்டம்.

ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் இரண்டு வரிசைகள் எதிரும் புதிருமாகக் குனிந்து நிற்கும். தாக்கும் அணியின் வரிசைக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடச் சொல்வது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. எதிர்த் தரப்பில் நிற்பது தற்காப்பு வரிசை. பெரும்பாலும் நான்கு பேர். கையைத் தரையில் ஊன்றிப் பதுங்கியிருப்பார்கள். பந்து அசைந்ததும் எதிரில் நிற்பவரை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே அவரைத் தரையில் சாய்க்க வேண்டும்.

சடுகுடுவில் பாடி வருபவனை மடக்கிப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிடிக்க வேண்டியவன் நம் கைக்கு எட்டும் தொலைவில் வருவான். இங்கேயோ அவனுக்கும் நமக்கும் நடுவில் நம்மைவிடப் பருத்த ஒருவர், சில வேளைகளில் இருவர், சுவர் போல நிற்பார்கள். அந்தச் சுவரை உடைப்பதற்கு இரண்டு மூன்று விநாடிகளே உண்டு. ஓர் ஆட்டத்தில் இதனைப் பல பத்துத் தடவைகள் செய்ய வேண்டும். இந்த வரிசையில் நிற்பவர் பந்தைத் தொடுவதே அரிது. புள்ளி எடுப்பது அதனினும் அரிது. பாராட்டெல்லாம் பந்தை எறிபவருக்கும் பிடித்து ஓடுபவருக்கும் போய்ச் சேரும். அலன் பேஜ் ஆடியது இந்த வரிசையில்தான்.

எஃகு நகரத்துப் பிள்ளை

அலன் பேஜ் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில் பிறந்தார். கேன்டன் அந்நாளில் எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். பேஜ் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அவரைப் போன்ற பிள்ளைகள் வளர்ந்து ஆளானால் அவர்களுக்காகத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் ஆலைக் கதவுதான். அந்த வேலை கடினமானது, ஆபத்தும் நிறைந்தது. அந்தக் கதவு வழியாகப் போகக் கூடாது என்ற எண்ணம் சிறு வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் தாயாரையும் அவர் இழந்தார்.

1954-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்பதே அத்தீர்ப்பு. அப்பொழுது பேஜுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. ஆயினும் சட்டத்துக்கு இத்தகைய வல்லமை உண்டு என்ற செய்தி அவர் மனத்தில் தங்கிவிட்டது. தொலைக்காட்சியில் வந்த பெரி மேசன் என்னும் வழக்கறிஞரின் கதைகளும் அவரைக் கவர்ந்தன. வழக்கறிஞராக வேண்டும் என்ற ஆசை, காற்பந்து ஆடத் தொடங்குவதற்கு முன்பே அவருக்குள் முளைத்துவிட்டது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடைநிலைப் பள்ளியில் அவர் காற்பந்தில் இறங்கினார். அக்காலத்தில் கேன்டன் நகரில் தொழில்முறைக் காற்பந்தின் புகழ் மண்டபம் கட்டப்பட்டு வந்தது. அந்தக் கட்டடம் 1963-இல் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானப் பணியில் கூலிக்கு வேலை செய்த இளைஞர்களில் பேஜும் ஒருவர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மண்டபத்தில் தம் பெயர் பொறிக்கப்படும் என்று அன்று அவர் அறிந்திருக்க வழியில்லை.

கல்லூரித் திடலில்

1963-இல் பேஜ், இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் கல்லூரிக் காற்பந்து என்பது சிறிய காரியமன்று. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களைக் காணப் பல்லாயிரம் மக்கள் திரள்வர். நல்ல ஆட்டக்காரருக்குப் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம் ஆகியவற்றைக் கொடுக்கும். அவர் அதற்கு ஈடாக அணிக்கு ஆட வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்புத்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆட்டம் மட்டும் நடந்து, படிப்பு நடக்காமலே போய்விடலாம். பட்டம் பெறாமல் வெறுங்கையோடு வெளியேறியோர் மிகப் பலர்.

முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்பது அக்கால விதி. எனவே பேஜ் 1964-இல்தான் அணிக்குள் வந்தார். அதே ஆண்டு ஆரா பார்சீகியன் என்பவர் புதிய பயிற்றுநராக அமர்ந்தார். முந்திய ஆண்டு இரண்டே ஆட்டங்களில் வென்றிருந்த நோட்டர்டேம் அணி, அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் வென்றது.

பேஜ் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நின்றார். ஆறடி நான்கு அங்குல உயரம். 110 கிலோ அளவுக்கு எடை. ஆயினும் அவரைப் போன்றும் அவரைவிடவும் பருத்தவர்கள் பலர் இருந்தனர். அவருடைய பலம் எடையில் இல்லை, முதல் அடியில் இருந்தது. பந்து அசைந்த கணத்திலேயே, எதிரில் நிற்பவர் நிமிர்வதற்குள், அவர் உள்ளே புகுந்திருப்பார்.

1966-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் நடந்த ஆட்டம் இன்றளவும் பேசப்படுகிறது. நாட்டின் முதல் நிலை அணியான நோட்டர்டேமும் இரண்டாம் நிலை அணியான மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதின. திடலில் 80,000 பேர் கூடியிருந்தனர். ஆட்டம் 10-10 என்று சமநிலையில் முடிந்தது. அடுத்த வாரம் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை 51-0 என்று வென்ற நோட்டர்டேம், அந்த ஆண்டின் நாட்டு வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது. அந்த அணியில் இருந்த கறுப்பின ஆட்டக்காரர் பேஜ் ஒருவரே. அவ்வாண்டு நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலிலும் அவர் இடம் பெற்றார்.

1967-இல் அவர் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். நான்கு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய படிப்பை நான்கு ஆண்டுகளிலேயே முடித்தார். வெற்றிக் கோப்பையைப் பற்றிப் பேசுகிற நாம் இந்தப் பட்டத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஊதாச் சட்டை வரிசை

அவ்வாண்டு தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, மின்னசோட்டா வைகிங்ஸ் அணி பதினைந்தாவது ஆளாகப் பேஜை எடுத்துக்கொண்டது. அங்கே அவர் ஓரத்திலிருந்து வரிசையின் நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டார். அவரும், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகியோரும் சேர்ந்த நால்வர் வரிசை எதிரணிகளைக் கலங்க வைத்தது. அவர்களுடைய சட்டையின் நிறம் ஊதா. ஆகவே மக்கள் அவர்களை "ஊதா நிற மனிதர்விழுங்கிகள்" என்று வேடிக்கையாக அழைத்தனர்.

1971-இல் பேஜ் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பு இந்தச் சிறப்பு, பந்தைக் கையில் வைத்து ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கே கிடைத்து வந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. அவர் மொத்தம் பதினைந்து பருவங்கள் ஆடினார். 218 ஆட்டங்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அணி நான்கு முறை சூப்பர் பவுல் எனப்படும் இறுதியாட்டத்துக்குச் சென்று, நான்கு முறையும் தோற்றது. குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்ப்பதுதான் இந்த வரிசையின் தலையாய வேலை என்று கண்டோம். அந்தச் சாய்ப்புகளைச் சங்கக் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1982-இல்தான். பேஜ் ஆட்டத்தை விட்டது 1981-இல்! பதினைந்து ஆண்டுகள் செய்த வேலைக்கு அதிகாரபூர்வக் கணக்கே இல்லாமல் போயிற்று.

ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்திலும் அவர் முன்னின்றார். தம் அணியின் பிரதிநிதியாகப் பல ஆண்டுகள் இருந்தார். 1974-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் அவர் சங்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். தொழிலாளியின் உரிமையும் சட்டமும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை அங்கே அவர் நேரில் கண்டார்.

நூறு டாலர்

சட்டம் படிக்கும் பழைய ஆசை அவரை விடவில்லை. முன்பு ஒரு முறை சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே நின்றுவிட்டார். பின்னர் 1970-களின் நடுவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் சேர்ந்தார். ஆட்டத்தை விட்டுவிட்டுப் படிக்கவில்லை, ஆடிக்கொண்டே படித்தார். பயிற்சி, பயணம், காயம், தேர்வு எல்லாம் ஒன்றாகவே நடந்தன. 1978-இல் சட்டப் பட்டம் பெற்றார்.

இதே காலத்தில் அவருக்கு நெடுந்தூர ஓட்டத்திலும் ஈடுபாடு உண்டாயிற்று. அவருடைய மனைவியார் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்க, பேஜும் உடன் ஓடினார். ஓட ஓட எடை குறைந்தது. தற்காப்பு வரிசையில் நிற்பவருக்கு எடை குறைவது கூடாது என்பது அணியின் கருத்து. 1978-இல் ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே வைகிங்ஸ் அணி அவரை விலக்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 33. விலக்கப்பட்டவரை எடுத்துக்கொள்ள மற்ற அணிகள் கட்ட வேண்டிய தொகை 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அணி அந்த நூறு டாலரைக் கட்டி அவரை எடுத்துக்கொண்டது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்போம். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டிலேயே சிறந்தவர் என்று கொண்டாடப்பட்ட ஒருவரின் விலை நூறு டாலராகிவிட்டது. உடம்பை முதலாக வைத்து உழைப்பவர்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கையும் காலும் ஓடுகிற வரையில்தான் மதிப்பு. தளர்ந்தால் அந்த இடத்தில் வேறோர் ஆள். எத்தனையோ ஆட்டக்காரர்கள் இந்த நாளில் செய்வதறியாமல் நின்றிருக்கிறார்கள். பேஜ் அப்படி நிற்கவில்லை. அவருடைய கையில் அதே ஆண்டில் பெற்ற சட்டப் பட்டம் இருந்தது. அவர் மேலும் மூன்று ஆண்டுகள் ஆடினார். 1979-இல் 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்தார். ஆட்டத்தில் இருந்துகொண்டே அதைச் செய்து முடித்த முதல் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் அவர்தான். அதே ஆண்டில் வழக்கறிஞராகவும் பணியைத் தொடங்கினார்.

படிக்கத் தடுமாறிய வீரர்கள்

1988-இல் கேன்டன் நகரின் புகழ் மண்டபத்தில் பேஜ் சேர்க்கப்பட்டார். அந்த விழாவில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்த ஒருவர் மேடையேறுவார். பெரும்பாலும் பழைய பயிற்றுநரையோ உடன் ஆடியவரையோ அழைப்பார்கள். பேஜ் அழைத்தது மினியாபொலிஸ் நகரில் உள்ள ஒரு பள்ளியின் தலைமையாசிரியையை. தம் உரையிலும் அவர் ஆட்டச் சாதனைகளை அடுக்கவில்லை. கல்வியைப் பற்றியே பேசினார்.

அணியின் ஆட்டத் திட்டங்கள் எழுதப்பட்ட ஏடு ஒன்று ஒவ்வொரு வீரரிடமும் இருக்கும். ஒரு நாள் அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது உடன் ஆடியவர்களில் சிலர் படிக்க முடியாமல் தடுமாறினர் என்று அவர் சொன்னார். அவர்கள் யாவரும் கல்லூரி வழியாக வந்தவர்கள்! எழுத்துக் கூட்டத் தடுமாறிய பிள்ளையை ஆரம்பப் பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் கல்லூரியும், அவன் நன்றாக ஆடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக, அடுத்த படிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருந்தன. ஓர் ஆட்டம் மட்டுமே தங்களுக்கு விடுதலை தரும் என்று ஏழை இளைஞர்களை நம்ப விடுவது அவர்களுக்குச் செய்யும் நன்மையன்று என்பது அவர் உரையின் சாரம். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது உறைக்க வேண்டிய சொல்தான்.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. அதே 1988-இல் பேஜ் கல்வி அறவாரியத்தைத் தொடங்கினார். கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மை இன மாணவர்களும் மேற்படிப்புப் படிக்க அது உதவித்தொகை வழங்கியது. உதவி பெறுபவர் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அவர் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று சிறு பிள்ளைகளுக்குப் படிப்பில் துணை நிற்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த உதவி இன்னும் பல பிள்ளைகளைச் சென்றடையும்படி இந்த ஏற்பாடு அமைந்தது.

நீதிமன்றத்தில்

பேஜ் சில ஆண்டுகள் தனியார் சட்ட நிறுவனத்திலும், 1985 முதல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திலும் பணி செய்தார். மின்னசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதியரசர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். 1992-இல் பேஜ் போட்டியிட முன்வந்தபோது, ஆளுநர் பதவியில் இருந்த நீதியரசரின் காலத்தை நீட்டித்தார். அதனால் தேர்தலே இல்லாமல் போகும் நிலை ஏற்பட்டது. பேஜ் நீதிமன்றம் சென்று வழக்காடினார். தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தேர்தலில் வென்று, 1993-இல் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசராக அமர்ந்தார். 1998, 2004, 2010 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். எழுபது வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். அதன்படி 2015-இல் ஓய்வு பெற்றார்.

2017-இல் மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2018-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆட்டத்தில் அடிபட்டுச் சுண்டுவிரல் ஒன்று பக்கவாட்டில் வளைந்து போனவர் அவர். அந்த விரலையே கதையாக்கி, ஆசிரியையான தம் மகளுடன் சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார்.

நாம் கொள்ள வேண்டியவை

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது? எல்லாப் பிள்ளைகளும் நீதியரசராகிவிட முடியாது. அலன் பேஜைப் போல ஆடவும் முடியாது. ஆனால் மூன்று செய்திகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

முதலாவது, பிள்ளையின் கையிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டாம். பேஜைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துச் சென்றது பந்துதான். கட்டளைக்குக் கட்டுப்படுதல், தோல்வியைத் தாங்குதல், மறுநாள் மீண்டும் வந்து நிற்றல் ஆகியவற்றைத் திடல் கற்றுக்கொடுக்கிறது.

இரண்டாவது, நன்றாக ஆடுகிறான் என்பதற்காக அவனைப் படிப்பிலிருந்து விடுவிக்கவும் வேண்டாம். பிள்ளை போட்டிக்குப் போய்க் கோப்பையோடு வந்தால் தோளில் தூக்கிக் கொண்டாடுங்கள். மறுநாள் பள்ளிக்கு வந்து, "போட்டிக்குப் போன நாட்களில் என்ன பாடம் நடந்தது?" என்றும் கேளுங்கள். நமக்கு எழுத்து வராவிட்டாலும், இரவில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். தடுமாறுகிறானா இல்லையா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். தடுமாறினால் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அதைத் திருத்தும் காலம் ஆரம்பப் பள்ளிக் காலம்தான்.

மூன்றாவது, ஒரு முறை விட்ட படிப்பு, என்றைக்கும் விட்ட படிப்பு அன்று. சில வாரங்களில் சட்டக் கல்லூரியை விட்டு வந்த பேஜ், முப்பது வயதை ஒட்டி மறுபடியும் போய் அமர்ந்தார். ஆறாம் வகுப்போடு நின்ற மூத்த மகனும், திருமணத்துக்காகப் பள்ளியை விட்ட மகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் செய்தி உரியது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. உடம்பில் வலுவுள்ள ஆண்டுகள்தாம் அந்தக் காற்று. அந்த ஆண்டுகளில் பிள்ளை பந்தையும் ஆடட்டும், ஏட்டையும் படிக்கட்டும். நூறு டாலர் விலை சொல்லும் நாள் ஆட்டக்காரர் எவருக்கும் ஒரு நாள் வரும். அந்த நாளில் அவன் கையில் வேறொன்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பெற்றோராகிய உங்கள் பொறுப்பு. ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பும் அதுவே.